ரிச்சி தெரு கேமராவும் சித்தியின் டபரா செட்டும்

மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்று, அதில் இரண்டு கேமரா. ஒன்று கண்ணையே படம் பிடிக்கும். மற்றது, போட்டிருப்பவருக்கு எதிரே இருப்பதைப் படம் பிடிக்கும். முதல் படத்தில் கண்பாவை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டாவது படத்தில் அதற்கு ஈடான இடத்தில் ஒரு புள்ளி வைத்தால், அந்த ஆள் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும். ஐ ட்ராக்கர் என்பது இவ்வளவுதான். ஆராய்ச்சிக்கென்று விற்கும் கருவியை வாங்கப் போனால் லட்சங்களில் விலை சொல்வார்கள். நான் செய்தது ரிச்சி தெரு சாமானில்.

தூண்டுதல் ஒரு பழைய ஆய்வு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லேண்டும் கூட்டாளிகளும் 1999இல் வெளியிட்டது. மூன்று பேர் தலையில் கருவியை மாட்டி, டீ போடச் சொல்லி, கண் எங்கெங்கே போகிறது என்று பார்த்தார்கள். கை ஒரு பொருளில் வேலையைத் தொடங்குவதற்குச் சுமார் அரை நொடி முன்பே கண் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. டீக்குச் சம்பந்தமில்லாத பொருள்மேல் கண் போவதே அபூர்வம். டீ என்றால் அவர்கள் ஊர் டீ, கெட்டிலும் டீபாட்டும் வைத்து. நம் வீட்டு பில்டர் காபிக்கு இதே கணக்கு வருமா என்று பார்க்கத் தோன்றியது. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் சித்தி, காபி போடுவதில் குடும்பத்துக்கே அத்தாரிட்டி. அவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அது என்ன என்று கண்மை பற்றிச் சொல்லும்போது வரும்.

கையால் செய்து பார்க்கும் வழியும் புதிதல்ல. ஏஎல்எஸ் நோயால் உடல் முடங்கிப்போன டெம்ப்ட் ஒன் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் சுவரோவியக் கலைஞர் கண்ணாலேயே வரையட்டும் என்று 2009இல் ஒரு குழு ஐரைட்டர் என்ற கருவியைச் செய்தது. மலிவான கண்ணாடிச் சட்டம், பிளேஸ்டேஷன் 3 கேமரா, சில எல்இடி. அதன் பிறகு எம்ஐடியில் படித்த மோரிட்ஸ் காஸ்னரும் வில்லியம் பட்டேராவும் ப்யூபில் என்ற திறந்த மூலத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நானும் நிறையப் பார்த்தேன். ஆனாலும் கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக முக்கியமான பகுதிகளைப் பைத்தான் நிரல்மொழியில் நானே எழுதிக்கொண்டேன்.

கண் கேமரா

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் பழைய லேப்டாப்பைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகள் இருக்கின்றன. ஸ்கிரீனுக்கு மேலே இருக்கும் கேமரா பட்டை, விரல் நீளத்துக்கு ஒரு சின்ன போர்டு, அதுதான் எனக்கு வேண்டியது. "எந்த மாடலுக்கு சார்?" என்றார் கடைக்காரர். "எந்த மாடலா இருந்தாலும் சரிண்ணா, லென்ஸ் திருகுற மாதிரி இருக்கணும்" என்றதும் ஒரு டப்பாவையே என் பக்கம் தள்ளிவிட்டார்.

இந்தப் பட்டைகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் யுஎஸ்பிதான். மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. ஆனால் பல பட்டைகளுக்கு 3.3 வோல்ட்தான் தேவை. யுஎஸ்பியின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போர்டு கருகிவிடும். கிரவுண்டை மல்டிமீட்டரில் கண்டுபிடித்து, நடுவே ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒன்றை வைத்து 3.3க்கு இறக்கிக்கொள்வது பத்திரம். தகவல் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமாகத் தொங்கவிட்டால் படம் நடுநடுவே அறுந்து அறுந்து வரும்.

அடுத்தது லென்ஸ். லேப்டாப் கேமரா அரை மீட்டர் தூரத்து முகத்துக்குப் போகஸ் செய்யப்பட்டது. கண்ணோ நான்கைந்து சென்டிமீட்டரில் இருக்கிறது. லென்ஸை ஒட்டியிருக்கும் பசைத் துளியைச் சுரண்டிவிட்டு இடப்பக்கமாகத் திருகினால் லென்ஸ் சென்சாரை விட்டு விலகி, பக்கத்தில் இருப்பது தெளிவாகும். முழுவதும் கழற்றினால் பின்பக்கம் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மினுங்கும் ஒரு கண்ணாடித் துண்டு தெரியும். அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதற்காக வைத்தது அது. ஊசி முனையால் நெம்பினால் நொறுங்கி வரும். தூளை ப்ளோயரால் ஊதிவிடுங்கள், வாயால் ஊதினால் எச்சில் படும்.

எதற்கு இந்த வேலை என்றால், நம் கண்ணுக்காக. அடர்பழுப்பு ஐரிஸுக்கு நடுவே கறுப்புக் கண்பாவை. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு வட்டமாகத்தான் விழும். கணினிக்கு மட்டுமல்ல, மனிதருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. ஐரிஸுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் மெலனின் அகச்சிவப்பை அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால் அகச்சிவப்பில் எடுத்தால் ஐரிஸ் வெளிர்சாம்பலாகிவிடும், கண்பாவை மட்டும் மை வைத்த பொட்டாக நடுவில் நிற்கும். முதல் முறை திரையில் என் கண்ணை இப்படிப் பார்த்தபோது வேறு யாரோ வெள்ளைக்காரர் கண் மாதிரி இருந்தது.

சாதாரண வெளிச்சத்தை வெட்டி அகச்சிவப்பை மட்டும் உள்ளே விட ஒரு வடிகட்டி வேண்டும். வெளிச்சம் பட்டு, கழுவியபின் கறுத்துப்போன கலர் நெகட்டிவ் போதும், பிலிம் சுருளின் ஆரம்ப முனையில் இருக்குமே அந்தக் கறுப்புத் துண்டு. பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் சும்மாவே கொடுத்தார். இரண்டு அடுக்காக வெட்டி லென்ஸுக்கு முன்னால் ஒட்டினேன். இதில் ஒரு விஷயம்: கறுப்பு வெள்ளை நெகட்டிவும் எக்ஸ்ரே பிலிமும் உதவாது. அவற்றில் கறுப்பாகத் தெரிவது வெள்ளித் துகள், அது அகச்சிவப்பையும் மறைத்துவிடும். கலர் பிலிமில் இருப்பது சாயம், சாயத்தினூடே அகச்சிவப்பு போய்விடும்.

வெளிச்சத்துக்கு 850 நானோமீட்டர் எல்இடி ஒன்று. டிவி ரிமோட்டில் இருக்கும் 940ஐயும் போட்டுப் பார்த்தேன். சிலிக்கான் சென்சாருக்கு அந்த அலைநீளத்தில் கூர்மை குறைவு, படம் மங்கலாகவும் புள்ளிபுள்ளியாகவும் வந்தது. 850இல் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்இடி லேசான சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும்.

"டேய், ஓரமா ஏதோ சிவப்பா மினுக்குதே, கண்ணுக்குக் கெடுதல் இல்லையே?" என்று சித்தி கேட்டது நியாயமான கேள்வி. கண்ணருகே அகச்சிவப்பு வைக்கும் யாரும் இந்தக் கணக்கைப் போடாமல் வைக்கக் கூடாது. கூசாத ஒளி என்பதால் கண் தானாக மூடிக்கொள்ளாது, கண்பாவையும் சுருங்காது. நீண்ட நேரப் பயன்பாட்டுக்கு, விளக்கொளிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62471 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் வரம்பு, கண்ணின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு 100 வாட். என் எல்இடிக்கு 390 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். 5 வோல்ட்டில் எல்இடியின் பங்கு சுமார் 1.4 போக, மிச்சம் 3.6ஐ 390ஆல் வகுத்தால் 9 மில்லிஆம்பியர் சொச்சம். அந்த மின்னோட்டத்தில் அது தருவது ஸ்டெரேடியனுக்கு, அதாவது கூம்பாக விரியும் கோணத்தின் ஓர் அலகுக்கு, சுமார் 10 மில்லிவாட். 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் கண்ணில் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 மில்லிவாட் விழும், அதாவது சதுர மீட்டருக்கு 6 வாட். வரம்பில் பதினாறில் ஒரு பங்கு. ரெசிஸ்டரை போர்டில் வைக்காமல் எல்இடியின் காலிலேயே பற்றவைத்து மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டுவிட்டேன், வேறு கம்பி உரசினாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. மங்கலாக இருக்கிறதே என்று மின்னோட்டத்தைக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்ட வேண்டியது கேமராவின் எக்ஸ்போஷரை.

காட்சி கேமரா, கம்பி, நேரம்

எதிரே பார்க்கும் கேமரா சாதாரண 720பி வெப்கேம்தான். உறையைக் கழற்றிவிட்டு போர்டை மட்டும் இரண்டு புருவத்துக்கும் நடுவே, கண்ணுக்கு 3 சென்டிமீட்டர் மேலே பொருத்தினேன். இந்த 3 சென்டிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது வட்டியோடு வந்து நிற்கும். லென்ஸ் ஓரங்களில் வளைப்பதைச் சதுரங்கக் கட்டம் அச்சடித்த தாளைக் காட்டி, ஓப்பன்சிவி என்ற படங்களை அலசும் நிரல் தொகுப்பில் நேராக்கிக்கொள்ளலாம். அது தெரிந்த வேலை, விவரிக்கவில்லை.

இரண்டு கேமராவையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகினால் இரண்டாவது திறக்காது. காரணம் எளிது. சுருக்காத 640க்கு 480 படம், நொடிக்கு 30, ஒரு புள்ளிக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 18 மெகாபைட்டுக்கு மேல். யுஎஸ்பி 2.0இல் ஒரு கேமரா தனக்கென்று முன்பதிவு செய்துகொள்ளும் பாதையின் உச்சமே 24 மெகாபைட் சொச்சம். முதலாவது உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் முறைக்கு மாற்றினால் தகராறு இல்லை.

அப்புறம் நேரம். இரண்டு கேமராவும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்று படத்தைத் தர எடுத்துக்கொள்ளும் தாமதம் இன்னொன்றுக்கு இல்லை. கைதட்டி ஒத்திசைக்கலாம் என்றால் கண் கேமராவுக்குக் கை தெரியாது. லைட்டை அணைத்துப் போடலாம் என்றால் அதற்கு அந்த வெளிச்சமும் தெரியாது. இதற்கு உடம்பிலேயே ஒரு வழி இருக்கிறது. சுவரில் ஒரு புள்ளியை விடாமல் பார்த்துக்கொண்டு, இல்லை இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டுங்கள். தலை வலப்பக்கம் போனால் கண் அதே வேகத்தில் இடப்பக்கம் போகும். உட்காதின் உணர்விலிருந்து வரும் இந்த எதிர்வினைக்கு ஆகும் தாமதம் நூறில் ஒரு நொடி அளவுதான், என் கேமராவின் ஒரு பிரேமுக்குள் அடங்கிவிடும். காட்சிப் படத்தில் அந்தப் புள்ளி நகர்வதையும் கண் படத்தில் கண்பாவை நகர்வதையும் இரண்டு கோடாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு தள்ளினால் பொருந்துகிறது என்று பார்த்தால் தாமதம் கையில் கிடைக்கும். என் கருவியில் மூன்று பிரேம் அளவுக்கு வித்தியாசம் வந்தது, அதாவது 100 மில்லிநொடி. கண் கைக்கு அரை நொடி முன்னால் போகிறதா என்று தேடுகிற வேலையில் இதைக் கழிக்காமல் விட முடியாது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு தந்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்மை

கண்பாவையைக் கண்டுபிடிக்கும் அடிப்படை முறை: படத்தில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கறுப்பாக இருக்கும் இடங்களை மட்டும் பிரித்து, அதில் நீள்வட்டம் பொருந்தும் கறையைத் தேர்ந்தெடுப்பது. என் கண்ணில் உடனே வேலை செய்தது. சித்தியின் கண்ணில் புள்ளி கண்பாவையை விட்டு இமை ஓரமாக ஓடிக்கொண்டே இருந்தது.

சித்தியின் நிபந்தனை கண்மையைக் கழுவச் சொல்லக் கூடாது என்பதுதான். "மை இல்லாம நான் வாசலுக்குக்கூட வரமாட்டேன், இதுல வீடியோ வேறயா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கண்மை பெரும்பாலும் கரி. மெலனின் அகச்சிவப்பில் வெளுத்துப்போவதைப்போலக் கரி வெளுக்காது, எந்த ஒளியிலும் கறுப்புதான். ஆக, படத்தில் கண்பாவையின் அதே கறுப்பில் இமையோரம் ஒரு நீளக் கோடு. சித்தி கீழே பார்த்தால், சமையல் மேடையில் முக்கால்வாசி நேரம் கீழேதான் பார்க்கிறார், மேல் இமை இறங்கி மையும் கண்பாவையும் ஒரே கறையாகச் சேர்ந்துவிடும்.

கறுப்பு அளவை மட்டும் நம்புவதை விட்டுவிட்டு விளிம்புகளைத் தேடினேன். கறையின் ஓரப் புள்ளிகளில் ஐந்தைந்தாக யதேச்சையாக எடுத்து ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு நீள்வட்டம் போட்டு, எந்த நீள்வட்டத்தின் மேல் அதிகப் புள்ளிகள் வந்து உட்காருகின்றனவோ அதை ஏற்றுக்கொள்வது. ரான்சாக் என்று இதற்குப் பெயர். மைக்கோட்டின் விளிம்பு நீள்வட்டத்துக்கு ஒத்துவராது என்பதால் தானாகக் கழிந்துவிடும். பாதிக் கண்பாவை இமைக்குள் போனாலும் மிச்சப் பாதியின் வளைவை வைத்து முழு வட்டத்தையும் ஊகித்துக்கொள்ளும். கூடவே, முந்தைய பிரேமில் இருந்த அளவைவிட ஒரேயடியாகப் பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் நம்பாதே என்று ஒரு வரி. கேமராவையும் கன்னத்துப் பக்கம் இறக்கிக் கீழிருந்து மேலே பார்க்கும்படி வளைத்தேன். உண்மையில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது இந்தக் கம்பி வளைப்புதான், கணக்கு அப்புறம்தான்.

காலை வெயில் இன்னொரு தலைவலி. சித்தி வீட்டு அடுப்படி ஜன்னல் கிழக்குப் பக்கம். வெயிலில் அகச்சிவப்பு வெள்ளமாக இருக்கிறது, என் ஒற்றை எல்இடி அதற்கு முன்னால் எம்மாத்திரம்? வெயில் நேராக முகத்தில் விழுந்தால் கண் படம் முழுக்க வெளுத்துவிடும், சித்தி கண்ணைச் சுருக்கினால் கண்பாவையே மறைந்துவிடும். ஜன்னலுக்குப் பழைய போர்வை ஒன்றைக் கட்டினோம். மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போய் நடைமேம்பாலத்தில் எடுக்கலாம் என்ற என் ஆசை அதோடு போயிற்று. சென்னை வெயிலில் பகலில் வெளியே எடுப்பதென்றால் இந்த வகைக் கருவிக்குத் தொப்பியாவது வேண்டும்.

புள்ளி எங்கே விழுகிறது

கண் படத்தில் கண்பாவையின் இடத்தையும் காட்சிப் படத்தில் பார்வைப் புள்ளியையும் இணைக்க இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்று. குறுக்குக்கு ஆறு எண், நெடுக்குக்கு ஆறு எண். இவற்றைக் கண்டுபிடிக்க, தெரிந்த இடங்களைப் பார்க்க வைக்க வேண்டும். திரையில் ஒன்பது புள்ளி காட்டுவது வழக்கம். சமையலறையில் திரைக்கு எங்கே போவது? சுவரில் ஒரே ஒரு ஆருகோ அடையாளத்தை ஒட்டினேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் அது, ஓப்பன்சிவி பார்த்தவுடன் எண்ணைச் சொல்லிவிடும். "அதையே பாருங்க சித்தி, பார்த்துக்கிட்டே முகத்தை மட்டும் மெதுவா சுத்துங்க" என்றால் கண் எல்லா மூலைக்கும் போய்வரும், ஒன்பது புள்ளிக்குப் பதில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.

இங்கேதான் அந்த 3 சென்டிமீட்டர் வருகிறது. கண்ணும் காட்சி கேமராவும் ஒரே இடத்தில் இல்லை. 2 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரை வைத்து அளவு திருத்தினால், அந்தக் கணக்கு 2 மீட்டருக்குத்தான் சரி. அரை மீட்டரில் இருக்கும் டம்ளரைப் பார்க்கும்போது 3 சென்டிமீட்டர் இடைவெளி 3.4 பாகையாகத் தெரியும், சுவரில் அது 0.9 பாகைதான். வித்தியாசம் 2.5 பாகை. அரை மீட்டரில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல். டம்ளரைப் பார்த்தால் டபராவில் புள்ளி விழும். அதனால் அடையாளத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேடை மேலேயே, 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்திவைத்துத் திருத்தினேன். மேடையின் கிட்ட விளிம்பிலும் எட்ட விளிம்பிலும் இப்போதும் ஒரு பாகை சொச்சம் பிசகும். அலமாரியைப் பார்க்கும்போது வரும் புள்ளியை நான் நம்புவதில்லை.

அதைவிட மோசம் வியர்வை. அடுப்புப் பக்கத்தில் நின்றால் மூக்கு வியர்த்துச் சட்டம் வழுக்கிக் கீழே இறங்கும். கண்விழி சுழலும் மையத்திலிருந்து கண்பாவை சுமார் 10 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சட்டம் 1 மில்லிமீட்டர் நழுவினால் கேமராவுக்கு அது, கண் 5 பாகைக்கு மேல் திரும்பியதுபோலத் தெரியும். கண் அசையவே இல்லை, புள்ளி மட்டும் சர்க்கரை டப்பாவிலிருந்து அடுப்புக்குத் தாவிவிடும். கண்ணின் மேல் விழும் எல்இடியின் பளபளப்புப் புள்ளியிலிருந்து கண்பாவையை அளப்பது, விழியின் மையத்தையே முப்பரிமாணத்தில் கணக்கிடுவது என்றெல்லாம் தீர்வுகள் உண்டு. நான் நீச்சல் கண்ணாடியின் எலாஸ்டிக் பட்டையைப் பின்னால் கட்டி, மூக்குத் தாங்கியில் சிலிக்கான் உறை போட்டேன். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் மறுபடி அடையாளத்தைப் பார்க்கச் சொல்லி, புள்ளி எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தேன். 2 பாகைக்கு மேல் விலகியிருந்தால் அந்தப் பதிவு குப்பைக்கு. காபி மட்டும் குடித்துவிடுவோம்.

புள்ளி சரி, அங்கே இருப்பது என்ன

நான் கடினம் என்று நினைத்தது கண் பக்கம். உண்மையில் இழுத்தடித்தது பொருள் பக்கம். புள்ளியைச் சுற்றி 2 பாகை சந்தேகம் என்றால், மேடைத் தூரத்தில் 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம். இந்த வட்டத்துக்குள் இரண்டு பொருள் இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. சித்தியின் மேடையில் காபிப் பொடி டப்பாவும் சர்க்கரை டப்பாவும் தோளோடு தோள் நிற்கும். கணக்கைத் திருத்துவதைவிட டப்பாக்களைத் தள்ளிவைப்பது சுலபம். அரை அடி இடைவெளி விடச் சொன்னேன். சித்திக்குப் பிடிக்கவில்லை. இடம் மாறியதில் அவர் கை தானாகப் பழைய இடத்துக்குப் போய்த் திரும்பியது பதிவில் இருக்கிறது. நாம் அளக்கப் போன பழக்கத்தை நாமே கலைத்துவிட்டோம் என்பது புரிந்ததால், ஒரு வாரம் அந்தப் புது இடத்திலேயே டப்பாக்களை விட்டுவைத்து அப்புறம்தான் எடுத்தேன்.

பெயர் சொல்வதற்கு முதலில், படத்தில் இருக்கும் பொருள்களைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே பயிற்றுவிக்கப்பட்ட யோலோ என்ற செயற்கை நுண்ணறிவு மாடல். அது படித்தது கோகோ என்ற படத் தொகுப்பில், அதில் 80 வகைப் பொருள்தான். கப் உண்டு, பவுல் உண்டு, பூச்சாடிகூட உண்டு. டபரா கிடையாது. டம்ளரைக் கப் என்றது, சரி, ஒத்துக்கொள்ளலாம். டபராவைப் பவுல் என்றது. பில்டரை ஒரு பிரேமில் பாட்டில், அடுத்த பிரேமில் பூச்சாடி. எவர்சில்வர் பாத்திரத்தில் பக்கத்துப் பாத்திரத்தின் பிம்பம் தெரியுமே, அதையும் தனியாக ஒரு கப் என்று பிடித்துக் கொடுத்தது.

பாத்திரங்களில் ஆருகோ அடையாளம் ஒட்டிப் பார்த்தேன். தட்டையான டப்பா மூடியில் அருமையாக வேலை செய்தது. டம்ளரின் வளைவில் ஒட்டினால் கட்டம் வளைந்து பிடிபடவில்லை, பில்டரின் சூட்டில் பசை இளகி உரிந்து வந்தது. கடைசியில் கலவையாக முடிந்தது: டப்பா, அடுப்பு, பால் பாத்திரம் வைக்கும் இடம் ஆகியவற்றுக்கு அடையாளம். பில்டர், டபரா, டம்ளர், கரண்டி நான்குக்கும் காட்சிப் பதிவிலிருந்தே பிரேம்களை எடுத்து, பொருளைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுதி, அதே யோலோவின் சின்ன மாடலுக்குக் கூடுதல் பயிற்சி. கட்டம் போடும் வேலை அலுப்பு பிடித்தது. கல்லூரியில் படிக்கும் சித்தி பெண்ணுக்கு ஐஸ்கிரீம் கையூட்டு கொடுத்து முடித்தேன். டபராவுக்குள் டம்ளர் உட்கார்ந்திருக்கும்போது புள்ளி இரண்டு கட்டத்துக்குள்ளும் விழும். அப்போது சின்னக் கட்டத்துக்கே வெற்றி என்று விதி. எப்போதும் சரியென்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் சரி.

கண் ஓரிடத்தில் நின்றதா, கடந்து போனதா என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். ஒன்றரைப் பாகைக்குள் குறைந்தது 100 மில்லிநொடி நின்றால் அது நிலைத்த பார்வை என்று வைத்துக்கொண்டேன். என் கேமராவில் மூன்று பிரேம். கண் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 30 முதல் 80 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும், அதாவது ஒன்றிரண்டு பிரேமில். தாவலின் வேகத்தை இந்தக் கருவியில் அளக்க நினைப்பது வீண். எதிலிருந்து எதற்கு என்று மட்டும் சொல்லலாம்.

சித்தியின் கண்

லேண்ட் சொன்னது சித்திக்கும் பொருந்தியது. கை பொடி டப்பாவை மூடும்போதே கண் பால் பாத்திரத்துக்குப் போய்விட்டது. சர்க்கரைக் கரண்டி டம்ளருக்குள் இறங்கும்போதே கண் டிகாக்‌ஷனுக்குப் போய்விட்டது. கைவிரல் வேலை செய்வதைச் சித்தி பார்ப்பதே இல்லை. அரை நொடியை ஒட்டித்தான் இருக்கிறது இடைவெளி. என் 30 பிரேம் கேமராவில் அதைவிடத் துல்லியமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆற்றும்போது நடந்ததுதான் எனக்குப் புதிது. டம்ளரை மேலே தூக்கி டபராவில் ஊற்றும்போது, ஊற்றும் பாத்திரத்தைக் கண் பார்க்கவில்லை, விழும் தாரையையும் பின்தொடரவில்லை. வாங்கும் பாத்திரத்தின் வாயிலேயே நிற்கிறது. கை மாறியதும் கண்ணும் மாறுகிறது, அதுவும் கைக்குச் சற்று முன்பே. நான் ஆற்றியதைப் பதிவுசெய்து பார்த்தால் கண் மேலும் கீழுமாக அலைகிறது. மேடையில் சிந்தியது யாருடைய காபி என்று சொல்லத் தேவையில்லை.

சம்பந்தமில்லாததைப் பார்ப்பது அபூர்வம் என்பது மட்டும் இங்கே பொருந்தவில்லை. சித்தி பேசிக்கொண்டே காபி போடுகிறவர். பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதை சொல்லும்போது கண் என் முகத்துக்கு வருகிறது, ஜன்னலுக்குப் போகிறது, வேலை நிற்கவே இல்லை. அந்த ஆய்வில் யாரும் கதை பேசியிருக்க மாட்டார்கள்.

பால் விஷயத்தில் கருவி கைவிட்டது. பால் பொங்கும் நேரத்தில் கண் அடிக்கடி பாத்திரத்துக்குப் போகும் என்று எதிர்பார்த்தேன். ஆரம்பத்தில் ஓரிரு தடவை போனதோடு சரி. ஒரு பதிவில் சித்தி என் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய் அடுப்பை அணைக்கிறது, பால் விளிம்புக்கு வரச் சில நொடி இருக்கும்போது. கண் கடைசியாகப் பாத்திரத்தைப் பார்த்து வெகுநேரம் ஆகியிருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "அந்தச் சத்தம் மாறும்ல" என்றார். என் அட்டவணையில் அந்த இடத்தில் 'பார்வை: முகம்' என்றுதான் இருக்கிறது. சித்தி கவனித்துக்கொண்டிருந்தது பாலை.

கருவியில் அடுத்து மாற்ற வேண்டியது இரண்டு. காட்சி கேமராவைப் புருவ நடுவிலிருந்து கண் மட்டத்துக்கு, மூக்குப் பாலத்தின் பக்கவாட்டில் இறக்க வேண்டும். இடைவெளி பாதியானால் தூரப் பிசகும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இன்னொன்று மைக். வெப்கேம் போர்டிலேயே ஒன்று இருக்கிறது, இதுவரை இணைக்கவில்லை. நான் பயன்படுத்தும் ஓப்பன்சிவி பதிவில் ஒலி சேராது என்பதால் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, ஒளிப்பதிவு மென்பொருளில் தனியாகப் பிடித்து, பதிவின் தொடக்கத்தில் காட்சி கேமரா முன்னால் ஒரு கைதட்டு வாங்கிக்கொண்டால் இரண்டையும் சேர்த்துவிடலாம்.